‘மிஷின் எடுக்கலே’: எலிஸாவும் பொறுப்பும்

செயற்கை நுண்ணறிவு என்றதும் நம்மவர்கள் எதிர்காலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ‘வேலையெல்லாம் போகப்போகுது’ என்கிற அச்சம் ஒரு பக்கம்; ‘எல்லாம் சரியாயிடும்’ என்கிற பரவசம் மறுபக்கம். இரண்டுமே வரலாற்றை மறைக்கும் சொல்லாடல்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அறம் பற்றிய கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்துவிட்டது. கேட்டவர் வெளியாளல்ல, அப்படியொரு நிரலைச் செய்தவர்.

ஜோசப் வைசன்பாம் 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1936இல் நாஜி ஜெர்மனியைவிட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். எம்.ஐ.டி.யில் அவர் உருவாக்கி 1966இல் வெளியிட்ட ‘எலிஸா’வுக்கு உண்மையில் ஒன்றும் புரியாது. தட்டச்சு செய்த வாக்கியத்தில் சில சொற்களைப் பிடித்து, ‘நான்’ என்பதை ‘நீங்கள்’ ஆக்கிக் கேள்வியாகத் திருப்பும். ‘அம்மா’ என்ற சொல் வந்தால் ‘உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க’ என்கும். உளச்சிகிச்சையாளர் போல ஒரு நடிப்பு, அவ்வளவுதான்.

அந்த வேலையை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய காரியதரிசியே, அதோடு பேச உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், ‘நீங்க வெளியே போங்க’ என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். அவரை இன்னும் உலுக்கியது வேறு. கென்னத் கோல்பி முதலான உளமருத்துவர்கள், இத்தகைய நிரல் மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கும் என்று எழுதினார்கள். 1976இல் வைசன்பாம் ஒரு புத்தகமே எழுதிப் பதில் சொன்னார். எந்திரத்தால் முடியுமா என்பதல்ல, முடிந்தாலும் ஒப்படைக்கலாமா என்பதே அவர் கேள்வி. கணக்கிடுவது வேறு, பொறுப்பேற்றுத் தேர்வது வேறு.

இங்கே எனக்கு ஒரு சிக்கல் உண்டு. மனிதத் தீர்ப்பு என்ன அவ்வளவு புனிதமா? சாதி பார்த்து மனுவை ஒதுக்கிய அதிகாரியும் மனிதன்தானே? நெதர்லாந்தில் வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்றவர்களில் மோசடிக்காரர்களைக் கண்டுபிடிக்க ஒரு நிரலைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாததும் அதில் சந்தேகத்துக்கான அளவுகோல்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான பெற்றோர் கடனாளியானார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அந்தச் சந்தேகம் எந்திரத்தின் கண்டுபிடிப்பல்ல, மனிதர்கள் கொடுத்தது. எந்திரம் அதற்குக் கணக்கின் முகத்தை மாட்டிவிட்டது.

ஆக, எந்திரமா மனிதனா என்று கேட்பதே தப்பு. ஒரு ரேஷன் கடையில் பாட்டி ஒருவரின் ரேகை பதியவில்லை. ‘மிஷின் எடுக்கலே பாட்டி, நான் என்ன செய்ய?’ என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. பாட்டி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வெறும் பையோடு திரும்பினார். பழைய அதிகாரியின் வாசலிலாவது போய் உட்காரலாம், கோஷம் போடலாம், பெயர் சொல்லி மனு எழுதலாம். இப்போது அந்த வாசலே காணாமல் போகிறது.

பொறுப்பான தொழில்நுட்பம் என்று நிறுவனங்கள் பேசும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தப்பு நடந்தால் பதில் சொல்ல யார் வருவார்? அந்த ஆளைக் காட்டாத எந்த அறமும் எலிஸாவின் பேச்சுதான். நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்லும்.