குடுவைக்குள் ஆதிக்கடல்

கழுத்து வளைந்த குடுவைகளில் கொதிக்கவைத்த சாறு, வெளிக்காற்றின் நுண்ணுயிர்கள் புகாதவரை கெடுவதில்லை என்பதை 1860களின் தொடக்கத்தில் லூயி பாஸ்டர் காட்டியதும், உயிரற்ற பொருளில் உயிர் தானாக முளைக்கும் என்ற பழைய நம்பிக்கை வீழ்ந்தது. ஆனால் உயிர் உயிரிலிருந்தே வருமென்றால் முதல் உயிர் எதிலிருந்து வந்தது என்ற கேள்வி, அதனால் முன்னிலும் கடினமாயிற்று.

இதற்கு வேதியியல் வழியில் விடை தேடியவர்களுள் முதன்மையானவர்கள், 1924இல் இப்பொருள் குறித்துச் சிறுநூல் வெளியிட்ட ரஷ்ய அறிஞர் அலெக்சாந்தர் ஒபாரினும், அவரைச் சாராமலே 1929இல் கட்டுரை எழுதிய பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனும் ஆவர். இளம் பூமியில் எளிய சேர்மங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, கார்பனை அடிப்படையாகக் கொண்ட கரிமச் சேர்மங்களாகிக் கடலில் சேர்ந்தன என்பது அவர்கள் கருத்தின் சாரம். ஆக்சிஜன் அத்தகைய சேர்மங்களைச் சிதைத்துவிடும் என்றாலும், ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் பெருகிய பின்னரே அது காற்றில் நிறைந்தது என்பதால், ஆதிக்காலத்தில் இத்தடை இல்லை.

இக்கருத்து ஆய்வுமேசைக்கு வந்தது 1952இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில். 1934இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு யூரியின் மாணவர் ஸ்டான்லி மில்லர், இரு கண்ணாடிக் குடுவைகளைக் குழாய்களால் இணைத்து, காற்றை முற்றிலும் அகற்றிவிட்டு, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களை நிரப்பினார். கடலுக்கு ஈடான சிறிய குடுவையில் நீர் கொதித்தது. எழுந்த நீராவி, வளிமண்டலத்துக்கு ஈடான ஐந்து லிட்டர் குடுவைக்குச் சென்று, மின்னலுக்கு ஈடான மின்பொறிகளுக்கிடையே வாயுக்களோடு கலந்தது. பின்னர் குளிர்விப்பானில் நீராகி, மழைபோல் சிறிய குடுவைக்கே திரும்பியது. முதல் நாள் கழிந்தபோது இளஞ்சிவப்பாயிருந்த நீர், ஒரு வாரத்தில் அடர்சிவப்பாகக் கலங்கிற்று. கலவையிலுள்ள பொருள்களை ஈரத்தாளில் வெவ்வேறு தொலைவுக்கு நகரச்செய்து பிரிக்கும் தாள் வண்ணப்பிரிகை முறையில் அந்நீரைச் சோதித்து, அமினோ அமிலங்களைக் காட்டிக்கொடுக்கும் நின்ஹைட்ரின் கரைசலைத் தெளித்தபோது, கிளைசின், அலனின் முதலியவற்றுக்குரிய புள்ளிகள் நிறம் பெற்றன. புரதங்கள் அமினோ அமிலங்களின் கோவைகளே என்பதால், 1953 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் வெளியான இம்முடிவு பெரும் கவனம் பெற்றது.

வழி திறந்ததும் பலர் அதில் நடந்தனர். இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் வேதியியலுக்கு வந்த நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மைய ஆய்வாளர் சிரில் பொன்னம்பெரும, 1963இல், மீத்தேன், அம்மோனியா, நீர் ஆகியவற்றின் கலவையை எலெக்ட்ரான் கற்றைக்கு உட்படுத்தி, மரபுப்பொருளின் கூறான அடினினைப் பெற்றார். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, அதில் அமினோ அமிலங்களின், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. பூமியின் உயிர்கள் புரதங்களில் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துவதால், அவை இங்கு ஒட்டிக்கொண்ட மாசு அல்ல என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

ஆதிக்காற்றில் மீத்தேனையும் அம்மோனியாவையும்விட கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுந்திருக்க வேண்டும் என்று புவியியலாளர் பலர் பின்னாளில் வாதிட்டனர். அத்தகைய காற்றில் மின்பொறி தரும் விளைச்சல் மிகக் குறைவு. ஆயினும், வாயுக்கள் செறிந்த எரிமலைச் சூழலில் இவ்வினைகள் நிகழ்ந்திருக்கலாம் என்ற கருத்துக்கு, மில்லர் மறைந்த மறு ஆண்டான 2008இல் புதிய ஆதாரம் கிடைத்தது. எரிமலை வெடிப்பைப்போல் நீராவியைப் பொறிக்குள் பீய்ச்சும் வகையில் அவர் 1950களில் அமைத்திருந்த மற்றொரு கருவியின் மாதிரிகளை, அவருடைய மாணவர் ஜெஃப்ரி பாடாவும் குழுவினரும் நவீனக் கருவிகளால் ஆராய்ந்து, 22 அமினோ அமிலங்களைக் கண்டனர்.

அமினோ அமிலம் உயிராகாது. தன்னைத்தானே படியெடுக்கும் மூலக்கூறு முதலில் எவ்வாறு அமைந்தது என்பதற்கு, ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளிலும் வற்றி நிரம்பும் குட்டைகளிலும் ஆய்வாளர்கள் இன்றும் விடை தேடுகின்றனர். மில்லர் தேர்ந்த வாயுக்கள் எவ்வளவு பொருத்தமானவை என்ற வாதம் எப்படி முடிந்தாலும், சிந்தனையாளரின் ஊகத்துக்கு விடப்பட்டிருந்த கேள்வியை, தவறென்றால் தவறென்று காட்டக்கூடிய சோதனையாக மாற்றிய பெருமை அந்தக் குடுவைகளுக்கு உரியது. பிற்கால விமர்சனங்களும் அவர் வகுத்த அந்த முறையிலேயே எழுந்தன என்பதே அதற்குப் போதிய சான்று.