பிளேட்டோ: பாடம் நடத்த வந்து பரீட்சை வைத்த கணினி

இது கிரேக்க தத்துவஞானி பிளேட்டோ பற்றிய பதிவு அல்ல. (அவரைத் தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும்!) 1960-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த கணினிவழிக் கல்வி முறைக்கும் இதே பெயர்தான்.

உருவாக்கியவர் டொனால்ட் பிட்ஸர். முதலில் இல்லியாக் என்ற ராட்சதக் கணினியோடு ஒரே ஒரு டெர்மினல். 1972-க்குள் அது பிளேட்டோ 4 ஆகிவிட்டது: ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை, விரலால் தொட்டுப் பதில் சொல்லும் வசதி. ஆமாம், 1972-ல்! அந்த பிளாஸ்மா திரையே பாடம் காட்டுவதற்காக பிட்ஸரும் சகாக்களும் 1964-ல் கண்டுபிடித்ததுதான். 1973-ல் டேவிட் வுல்லி என்ற 17 வயதுப் பையன் இதில் ‘நோட்ஸ்’ என்ற விவாதப் பலகையை எழுதினான். பாடத்தைவிட அரட்டைக்குத்தான் கூட்டம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பிறகு கன்ட்ரோல் டேட்டா என்ற கணினி நிறுவனம் இதை வாங்கி, அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயிற்சியாக விற்க இறங்கியது. அதன் தலைவர் வில்லியம் நாரிஸ் நிறுவனத்தின் எதிர்காலமே இதுதான் என்று நம்பிப் பணத்தைக் கொட்டினார். ஆனால் கட்டணம் மணிக்கு 50 டாலர். அதற்கு ஒரு வாத்தியாரையே வைத்துக்கொள்ளலாமே! ஒரு மணி நேரப் பாடம் எழுதவும் ஏகப்பட்ட செலவு. போதாக்குறைக்கு, 80-களில் மலிவான மேசைக் கணினிகள் வந்துவிட்டன. 1986-ல் நாரிஸ் விலகினார், 1989-ல் பிளேட்டோ என்ற பெயரே விற்கப்பட்டது.

காசு பார்த்தது வேறொரு இடத்தில். பங்குத் தரகர்களுக்கான உரிமத் தேர்வை நடத்தும் அமெரிக்க சங்கம் அதை பிளேட்டோவில் வைத்தது. வேண்டிய நாளில் போய் எழுதலாம். என் கணிப்பு இதுதான்: பாடத்துக்குப் போட்டியாக வாத்தியார் இருந்தார், உரிமத் தேர்வுக்குப் போட்டி யார்? எழுதாவிட்டால் வேலையே இல்லை.

அந்தத் தேர்வுப் பிரிவு 1990-ல் டிரேக் என்று தனியாகப் பிரிந்தது. நாவெல் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுகளையும் நடத்தியது. பின்னாளில் அதற்கு வந்த பெயர் புரோமெட்ரிக். ஜி.ஆர்.இ. எழுதிய சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் பலகையுள்ள ஏசி அறையை மறந்திருக்க மாட்டார்கள்.

பிட்ஸருக்கு 2002-ல் எம்மி விருது கிடைத்தது. பாடத்துக்காக அல்ல, பிளாஸ்மா டிவிக்காக!