202இல் தொடங்கிய ஆசியா

194, 195 ஐரோப்பாவுக்கு. 198, 199 வட அமெரிக்காவுக்கு. 200, 201 மத்திய, தென் அமெரிக்காவுக்கு. 202, 203 பசிபிக் கரை நாடுகளுக்கு. எலிஸ் கெரிச் எழுதி 1992 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1366 என்ற ஆவணம், மிச்சமிருந்த இணைய முகவரிகளில் ஒரு பகுதியை, அவற்றின் முதல் எண்ணைக் கொண்டு இப்படிப் பங்குபிரித்தது. அதுவரை எண்ணுக்கும் நாட்டுக்கும் பெரிய தொடர்பில்லை. கேட்டவர்களுக்குக் கேட்ட வரிசையில் கிடைத்துவந்தது.

1981இல் வகுத்த முறைப்படி ஒரு முகவரிக்கு 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அவற்றை மூன்றே அளவுகளில் கொடுத்தார்கள். ஏ வகுப்பு வாங்கினால் 1.67 கோடி, பி என்றால் 65,536, சி என்றால் 256. கலிஃபோர்னியாவில் ஜான் போஸ்டல் பராமரித்த பதிவேட்டில் எம்ஐடிக்கு 18, ஃபோர்டுக்கு 19, ஆப்பிளுக்கு 17 என ஆளுக்கொரு ஏ வகுப்பு ஏறியது.

உழக்கும் மூட்டையும் மட்டுமே உள்ள கடையில் படி அரிசி வாங்கப் போனவர் நிலைதான் மற்றவர்களுக்கு. 2,000 கணினிகள் உள்ள கல்லூரிக்கு 256 போதாது. 65,536 வாங்கினால் பெரும்பகுதி சும்மா கிடக்கும். பி வகுப்பில் இருந்ததோ வெறும் 16,384 தொகுதிகள். 1990களின் தொடக்கத்தில் அவை வேகமாகக் கரைந்தன.

அதற்குப் பதில் எட்டு சி வகுப்புகளைக் கொடுத்தால் என்ன? முகவரி மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் தகவலுக்கு வழிகாட்டும் உலகின் முதன்மை ரூட்டர்கள் தங்கள் வழிப்பட்டியலில் தனித்தனி வரி எழுதி வைக்க வேண்டும். அன்றைய ரூட்டர்களின் நினைவகம் அதற்குத் தாங்காது. சிக்கனம் ஒரு பக்கம் இழுக்க, வழிப்பட்டியல் மறுபக்கம் இழுத்தது.

வின்ஸ் ஃபுல்லர், டோனி லி, ஜெசிக்கா யூ, கண்ணன் வரதன் ஆகிய நால்வர் 1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1519இல் வரையறுத்த சிஐடிஆர் முறை மூன்று வகுப்புகளையும் கைவிட்டது. தொகுதியின் எல்லை எந்த பிட்டிலும் விழலாம். எட்டின் மடங்கில் தொடங்கும் அடுத்தடுத்த எட்டு சி தொகுதிகளை ஒரே வரியில் எழுதிவிடலாம். சி தொகுதிகளை 2, 4, 8, 16 என்றே பக்கத்துப் பக்கத்தில் பங்கிட்டதன் காரணம் இதுதான். கண்டவாரிப் பிரிவினையும் அதே கணக்கில் அமைந்ததுதான்: 202, 203இன் உள் விவரம் ஆசியாவுக்குள் இருந்தால் போதும், தொலைவிலுள்ள ரூட்டருக்குத் திசை தெரிந்தாலே போதும். 1995 ஆகஸ்ட் 15இல் இந்தியாவில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பிறகு, இங்கே 202.54 என்று தொடங்கும் முகவரிகள் புழங்கியது இந்தப் பங்கிலிருந்துதான்.

1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918, அலுவலகத்துக்குள் மட்டும் புழங்க 10, 192.168 போன்ற எண்களை ஒதுக்கியது. தட்டுப்பாடு தள்ளிப்போனது, தீரவில்லை.

2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகள், உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் போயின. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனம் வைத்திருந்த 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. சந்தை வந்ததும் தொகுதிகள் துண்டு துண்டாகக் கைமாறின, கண்டம் விட்டுக் கண்டமும் போயின. ரூட்டர்களின் பட்டியல் இன்று 9 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது.

128 பிட் கொண்ட அடுத்த தலைமுறை ஐபிவி6 முகவரிகளுக்கும் வட்டாரக் கணக்கே தொடர்கிறது. 2006 அக்டோபரில் ஐந்து பதிவகங்களுக்கும் ஒரே அளவில் ஒவ்வொரு பெரும்பகுதி கிடைத்தது. ஆசிய பசிபிக்கின் பங்கு 2400இல் தொடங்கி 240எஃப் வரை. இந்தியக் கைபேசி இணைப்புகளில் 2401, 2409 என்று தொடங்கும் முகவரிகள் தென்படுவது அதனால்தான்.