பிள்ளைக்குத் தெரியாது என்னும் நம்பிக்கை: காவிரிப் படுகையில் கடுநோயுற்ற சிறாரின் மனநலம்

காவிரிப் படுகையில் சிறாரின் மனநலம் பொதுப்பேச்சுக்கு வந்த ஆண்டு என்று 2004ஐத்தான் சொல்ல வேண்டும். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைச் சூறையாடியது. ஊரே சேர்ந்து அழுத துயரங்கள் அவை. இரத்தப் புற்றுநோயோ, முதல்வகைச் சர்க்கரைநோயோ, வாதக்காய்ச்சல் விட்டுச்சென்ற இதயநோயோ அப்படி வருவதில்லை. நாலு தெருவில் ஒரு பிள்ளைக்கு வருகிறது. அந்தப் பிள்ளை தனியாகவே அதைச் சுமக்கிறது.

வீட்டில் முதலில் எழும் சொல், “பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.” அன்பில் பிறந்த சொல்தான். ஆனால் அது பலிப்பதில்லை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோய் கண்ட 3 முதல் 9 வயதுக் குழந்தைகளோடு பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், 1978இல் வெளியிட்ட நூலில் இதை நிறுவினார். யாரும் சொல்லாமலே குழந்தைகள் தம் நிலையை அறிந்திருந்தார்கள்; பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று அறியாதவர்போல நடந்துகொண்டார்கள். நோயோடு இந்த நடிப்பும் அவர்களுக்குச் சுமையானது.

நெல் விளையும் நாட்டில் இச்சுமைக்கு இன்னொரு முகம் உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் மிகுதியான வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு நீள்கிறது. அதற்குள் எத்தனை குறுவை, எத்தனை சம்பா! பிள்ளையோடு தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனையில் தங்கும் தாய்க்கு நடவும் களையெடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது, இழந்த கூலியை ஏற்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். கடன் தன்னால்தான் என்று அது முடிவுகட்டிவிடுகிறது. அந்தக் குற்றவுணர்வை யாரும் கேட்டறிவதில்லை.

மருந்தும் மனத்தைத் தொடும். பிரட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அழுகையையும் எரிச்சலையும் தூக்கமின்மையையும் தரக்கூடியவை. வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம். இன்சுலின் போடும் சிறுமிக்கு வகுப்பில் சர்க்கரை தாழ்ந்து குழப்பமும் கோபமும் வந்தால், அதற்குப் பெயர் திமிர். அதே சிறுமியின் ஊசி, நாளைய கல்யாணத்தை எண்ணிப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஒளிக்கப்படுகிறது. தன் உடம்பே மறைக்க வேண்டிய ஒன்று என்று அவள் கற்றுக்கொள்கிறாள். கடுநோய் சிறாருக்கு இழைக்கும் கேடுகளில் இதையே நான் மிகக் கொடியதாகக் கருதுகிறேன்.

மனநலச் சேவையைப் பொது மருத்துவத்தின் எல்லா நிலைகளோடும் இணைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவுக்குத் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட 30 குறைபாடுகளின் பட்டியலில் மனச்சோர்வோ பதற்றமோ இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை அதற்குள் வருவதில்லை. பள்ளி அறுந்தால் தோழமையும் அறும்.

உண்மையைச் சொன்னால் பிள்ளை உடைந்துவிடும் என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை; வயதுக்கேற்ப, பிள்ளை கேட்கும் அளவுக்கு, கேட்ட கேள்விக்குப் பொய்யற்ற விடை தந்தால் போதும். மனநலப் பிரிவுக்கு எழுதி அனுப்புவதால் இது நடக்காது. அந்த வாசலை ஏறவே நம் குடும்பங்கள் அஞ்சும். மருந்து கொடுக்கும் கையிடம்தான் பிள்ளை பேசும். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள் குழந்தைகள் பிரிவிலேயே உளவியலர் ஒருவரை நிரந்தரமாக அமர்த்த வேண்டும். அங்குள்ள செவிலியருக்கு இந்தப் பேச்சைப் பயிற்றுவிக்க வேண்டும்.