மாலைத் திடலும் கடைசிப் பேருந்தும்

"தோட்டத்துப் பிள்ளைகளிடம் திறமைக்குப் பஞ்சமில்லை, பெற்றோர்தாம் பந்தைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திணித்தார்கள்." விளையாட்டைப் பற்றிப் பேசும் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் குற்றச்சாட்டு இது. நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் உண்மை என்பது தெரியவரும். அப்படியானால் மீதிப் பாதி எங்கே இருக்கிறது?

லயத்துக்கு எதிரே திடல்

லிங்கி, லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ், கெமெஞ்சே வட்டாரங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டு, இருள் விலகும்போது மரம் வெட்டு, நண்பகலுக்குப் பின் பால் நிறுத்து வீடு திரும்புதல் என்று வேலை நடந்தது. உடலை வருத்திய அந்த வேலை, மாலைப் பொழுதை மட்டும் மிச்சம் வைத்தது. பல தோட்டங்களில் லயத்துக்கும் கோயிலுக்கும் அருகிலேயே ஒரு திடல் இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துப் போட்டி நடக்கும். பயிற்றுநர் என்று தனியாக எவரும் கிடையாது. பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே சிறுவர்கள் ஆடக் கற்றார்கள்.

பள்ளியும் பக்கத்திலேயே இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சுதந்திரத்துக்குப் பின் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக அமைந்தன. கணிதம் கற்பித்த ஆசிரியரே மாலையில் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திடலுக்கு வருவார். எந்தப் பிள்ளை வேகமாக ஓடும், எந்தப் பிள்ளை உயரமாகத் தாண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் அப்பாவையும் தெரியும். "நாளைக்கு மகனைப் போட்டிக்கு அனுப்புங்கள் ஐயா" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பன்னிரண்டு வயதில் அறுந்த நூல்

சிக்கல் ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான் தொடங்கியது. தமிழ்ப்பள்ளி அங்கே முடிகிறது. அடுத்தது பட்டணத்து இடைநிலைப்பள்ளி. பலருக்கு அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. புதிய மொழி, புதிய நண்பர்கள், பெயர் தெரியாத ஆசிரியர்கள். பயிற்சியோ மாலையில். பயிற்சி முடியும் நேரத்தில் தோட்டத்து முனைக்குப் போகும் கடைசிப் பேருந்து புறப்பட்டிருக்கும். அதற்கப்பால் செம்மண் சாலையில் நடை. ஆண் பிள்ளையாக இருந்தால் பெற்றோர் தயங்கினார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் மறுத்தேவிட்டார்கள். 1966இல் நாட்டின் முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றவர் எம். ராஜாமணி. அந்தப் பெயரைக் கேட்டு ஓடத் தொடங்கிய சிறுமிகள் எத்தனை பேர், பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளின் வயதுப் பிரிவுகள் 12, 15, 18. அரசாங்கத் தேர்வுகள் நடந்த வயதுகளோ 12, 15, 17. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் நீக்கப்படும் வரை, திறமை கண்டெடுக்கப்படும் ஆண்டும் தேர்வு எழுதும் ஆண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. அந்த மோதலில் பெற்றோர் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

பெற்றோர் போட்ட கணக்கு

விளையாட்டு சோறு போட்ட காலமும் உண்டு. 1950களிலிருந்து 70கள் வரை காவல் துறை, இராணுவம், இரயில்வே, தொலைத்தொடர்பு, மின்சார வாரியம் ஆகியவை அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடியவருக்கு வேலை கிடைக்க வாய்ப்பிருந்தது. ஆனால் அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும், பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். மண்ணை நம்ப முடியாது, மரத்தை நம்ப முடியாது, சான்றிதழ் ஒன்றே கைகொடுக்கும் என்ற பாடத்தை எஞ்சியவர்கள் அப்போது கற்றார்கள்.

நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். அந்தச் சங்கமும் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்குத்தான் பணம் ஒதுக்கியது. கிள்ளானில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைத்தது. தலைவர்களே அப்படி எண்ணியபோது, நாட்கூலி பெற்ற தகப்பன் வேறு எப்படி எண்ணியிருக்க முடியும்?

பிறகு காற்பந்து தொழில்முறை ஆட்டமாக மாறியது. 1994-95இல் ஆட்டத்தை விலைபேசிய ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். பல ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டனர். அதன் பின்னரும் சில சங்கங்களில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நிலுவை என்ற செய்தி அவ்வப்போது வந்தது. "பந்து சோறு போடாது" என்ற அப்பாவின் பேச்சுக்கு நாளேடுகளே ஆதாரம் தந்தன.

இரண்டும் முடியாதா?

முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் எம். ஜெகதீசன், மருத்துவமும் படித்து முடித்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடியது, 2017 வரை தேசியச் சாதனையாக நிலைத்தது. நெகிரி செம்பிலானிலேயே வேகத்துக்குப் பெயர்பெற்ற எஸ். குணாளன் உருவானார். 1948க்குப் பின் 61 ஆண்டுகள் காத்திருந்த மாநிலம் 2009இல் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் இருந்தவர் அவர். மறு ஆண்டு, கே. ராஜகோபால் பயிற்சியில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் இடம்பெற்றார்.

பிற நாட்டு அனுபவமும் பயன் தரும். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி 1915 முதல் நடந்து வருகிறது. அங்கே பயிற்சி பள்ளியின் பொறுப்பு. சிற்றூர்ப் பிள்ளையும் தன் பள்ளி வழியாகவே நாடறியும் திடலுக்குப் போகலாம். இங்கே புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996இல்தான் வந்தது. தோட்டத்துத் திடலுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையில் பாலம் அமைக்கப்படவில்லை.

இன்றைய கோலம்

இப்போது அந்தத் திடல்களும் குறைந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. நீலாய், லாபு, செண்டாயான் பகுதிகளில் தோட்ட நிலம் குடியிருப்பு நகரமானது. மக்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் பெயர்ந்தார்கள். காசில்லாமல் ஆடிய ஆட்டத்துக்கு இன்று மணிக்கணக்கில் வாடகை. பயிற்சிக் கழகத்துக்கு மாதக் கட்டணம்.

பெற்றோரும் மாறினார்கள். அன்று தடுத்த பெற்றோர் இருந்தார்கள். இன்று துரத்தும் பெற்றோர் இருக்கிறார்கள். பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகத் திடலோரத்தில் நின்று பயிற்றுநரை மீறிக் கூச்சலிடுகிறார்கள். எட்டு வயதிலேயே பிள்ளையை ஒரே விளையாட்டுக்குள் அடைக்கிறார்கள். ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவதே நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. ஓயாமல் பந்தெறிந்து முழங்கை கெட்ட பேஸ்பால் சிறுவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

தடுத்தவர்களும் துரத்துபவர்களும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள்தாம்: பிள்ளை கரையேற வேண்டுமே! அந்த அச்சத்தைப் போக்க அறிவுரை போதாது. பொதுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டில் ஓடிய பிள்ளையின் பெயர், முதலாம் படிவத்து விளையாட்டு ஆசிரியரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு பிள்ளையை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வண்டி வேண்டும். பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஆலயத் திருவிழாவுக்குக் காட்டும் ஒற்றுமையில் ஒரு பங்கைக் காட்டினால், அந்த வண்டிக்கு எண்ணெய் ஊற்றிவிடலாம்.