கைத்துப்பாக்கி லைசென்ஸ்: தகுதியை அளப்பவர் யார்?

படைக்கலம் ஏந்தும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்வி, அரசு தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவதாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குக் கைத்துப்பாக்கி அன்றாடப் பொருளன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, அதனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைவீதிக்கும் உணவு விடுதிக்கும் செல்வதற்குச் சர்க்காரே லைசென்ஸ் வழங்குகிறது. இந்த லைசென்ஸின் சரித்திரம் வெறும் ஆயுதச் சரித்திரமன்று. தகுதியுடையவன் யார், அத்தகுதியை அளப்பவன் யார் என்னும் நீண்ட வழக்கின் சரித்திரமாகும்.

ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைக் கூறும் இரண்டாவது திருத்தம், 1791ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. எனினும், ஆயுதத்தை மறைத்து ஏந்துவதை அக்காலத்தார் பலர் நேர்மையான செயலாகக் கருதவில்லை. வெளிப்படையாக ஏந்துபவனைக் கண்டு பிறர் எச்சரிக்கை அடையலாம். மறைத்து ஏந்துபவனோ வஞ்சம் நினைப்பவன் என்பது அவர்தம் எண்ணம். 1813ல் கென்டக்கி, லூசியானா ஆகிய இரு மாகாணங்களும் அதனைத் தடுத்துச் சட்டம் செய்தன. குதிரை வீரர்களின் துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போனதாகச் சினிமாப் படங்கள் காட்டும் டெக்ஸாஸ் மாகாணத்திலேகூட, 1871ல் இயற்றப்பட்ட சட்டம், பிரயாணிகள் முதலிய சிலர் நீங்கலாக, கைத்துப்பாக்கியுடன் வெளியே திரிவதைக் குற்றமாக்கிற்று. அத்தடை ஏறத்தாழ 124 ஆண்டுகள் நீடித்தது.

தடைக்கு அடுத்து வந்தது லைசென்ஸ் முறை. 1911 ஜனவரியில் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் என்னும் நாவலாசிரியர் நியூயார்க் நகரத்துத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே, செனட்டர் திமோதி சல்லிவன் பெயரால் வழங்கும் சட்டம் அம்மாகாணத்தில் நிறைவேறியது. பின்னர், ஆயுதத்தை மறைத்து ஏந்த விரும்புவோர் 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. காரணம் தகுந்ததா இல்லையா என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. சட்டம் எழுத்தில் இருந்தது. அதன் அளவுகோலோ அதிகாரியின் மனத்தில் இருந்தது!

மனத்திலே நிறபேதம் குடிகொண்ட இடத்தில் அந்த அளவுகோல் நேராக இருக்குமோ? புளோரிடா மாகாணத்தில் 1893ல் தொடர் வேட்டுத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. பின்பு அது கைத்துப்பாக்கிகளுக்கும் விரிந்தது. அச்சட்டம் கறுப்பினத் தொழிலாளரை நிராயுதபாணிகளாக்கவே செய்யப்பட்டதென்றும், வெள்ளையர்மீது செலுத்தும் எண்ணம் அதற்கு இருந்ததில்லை என்றும் அம்மாகாண உயர் நீதிபதிகளுள் ஒருவரான ரிவர்ஸ் புபோர்டு 1941ல் ஒரு தீர்ப்பிலேயே எழுதி வைத்தார். சட்டத்தின் உள்நோக்கத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒரு நீதிபதி கூறுவது அரிது.

இதனினும் மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி அலபாமாவில் நடந்தது. 1956 ஜனவரி 30ஆம் நாள் மான்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது வெடிகுண்டு எறியப்பட்டது. அப்பொழுது அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். அதன்பின் அவர் துப்பாக்கி ஏந்த லைசென்ஸ் கோரினார். மறுக்கப்பட்டது. வெடிகுண்டு வீசப்பட்ட வீட்டுக்காரருக்கே அச்சப்படக் காரணமில்லை என்றால், அந்நாட்டில் வேறு யாருக்குத்தான் காரணம் இருந்திருக்கும்? பிற்பாடு அவர் தம் வீட்டிலிருந்த துப்பாக்கியையும் அகற்றி, அகிம்சை நெறியிலே உறுதி பூண்டார். அது அவருடைய அறம். அதிகாரிகள் செய்த அநீதி அதனால் நியாயமாகிவிடாது.

இவ்வநீதிக்கு இடந்தராத முறை, நிபந்தனைகளை நிறைவேற்றிய எவருக்கும் லைசென்ஸ் மறுக்கக்கூடாது என்பதாகும். 1987ல் புளோரிடா மாகாணம் இம்முறையை ஏற்றபின் அது எங்கும் பரவலாயிற்று. டெக்ஸாஸில் 1991 அக்டோபர் 16ல் கில்லீன் நகரத்து உணவு விடுதியொன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாய் தந்தை இருவரையும் இழந்த சுசன்னா ஹப், சட்டத்துக்கு அஞ்சித் தம் ரிவால்வரை மோட்டார் வண்டியிலேயே விட்டு வந்திருந்ததாகச் சொல்லி, சட்டத்தை மாற்றப் பாடுபட்டார். 1995ல் கவர்னர் ஜார்ஜ் புஷ் ஒப்பமிட்ட புதிய சட்டம் 1996 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த லைசென்ஸ் பெறுவோர் வகுப்புக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் 10 முதல் 15 மணி நேரம் நடந்த வகுப்பு, 2013ல் 4 முதல் 6 மணி நேரமாகச் சுருங்கியது. மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரங்களில் நின்று 50 தோட்டாக்கள் சுட்டு, 250 புள்ளிகளில் 175ஆவது பெற வேண்டும். ஆனால் குறி பார்ப்பது பாடத்தின் ஒரு பகுதியே. உயிர் போக்கும் பலத்தைச் சட்டம் எப்பொழுது அனுமதிக்கிறது, ஆயுதத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி என்பவையும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றோடு, சச்சரவைச் சண்டையின்றித் தீர்ப்பது எப்படி என்பதும் கட்டாயப் பாடம்! சுடக் கற்றுக்கொள்ள வந்தவனுக்குச் சுடாமலிருக்கக் கற்பிப்பதே அவ்வகுப்பின் உயிர்நாடி எனலாம். துப்பாக்கியில் எப்பொழுதும் தோட்டா இருப்பதாகவே எண்ணுதல், சுடும் கணம்வரை விசையில் விரல் வையாமை, விசையை மூடிக் காக்கும் உறையிலே வைத்தல், மது அருந்தினால் ஆயுதத்தைத் தொடாமை ஆகியன பொறுப்புள்ளோர் கைக்கொள்ளும் ஒழுக்கம்.

ஆயினும், 2021 செப்டம்பர் முதல் டெக்ஸாஸில், சட்டம் விலக்காத 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம்; வகுப்பு விரும்பினவருக்கு மட்டுமே. 2024 முடிவில் 29 மாகாணங்களில் லைசென்ஸ் கட்டாயமில்லை. மறுபுறம், 2022 ஜூன் 23ல் சுப்ரீம் கோர்ட்டு நியூயார்க்கின் 'தகுந்த காரணம்' என்ற நிபந்தனையைச் செல்லாதென நீக்கிற்று. ஆனால் குற்றப் பின்னணி ஆராய்வதையும் பயிற்சியையும் எல்லார்க்கும் ஒரே வகையாக விதிக்கும் லைசென்ஸ் முறைகளை அது நீக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் நன்கு உணர வேண்டும். அதிகாரியின் தயவை ஒழித்தது சமத்துவம். பயிற்சியை ஒழித்ததோ சமத்துவமன்று, பொறுப்பைக் கைகழுவுவதாகும். முன்னது ஆளைப் பார்த்து அளந்தது. பின்னது யாவரையும் ஒரே தராசில் நிறுத்தது. கோணல் தராசை எறிய வந்தவர்கள் நேரான தராசையும் சேர்த்து எறிந்துவிட்டனர். உரிமை பிறப்பால் வரலாம். தகுதி பயின்றே வரவேண்டும். உயிரைப் பறிக்கும் கருவியை இடுப்பிலே செருகுகிறவன், அதைச் செருகுமுன் தன் கோபத்தை அடக்கக் கற்றிருத்தல் வேண்டும்.