விண்வெளிக்குப் போன வாக்மேன்

2014இல் வெளியான ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தில் பீட்டர் குவில் உயிராகப் பாதுகாக்கும் நீலநிற வாக்மேன், கலை இயக்குநர்கள் கற்பனையில் வரைந்த பொருள் அல்ல. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி டிபிஎஸ்-எல்2 என்னும் முதல் வாக்மேன் அது. கதைப்படி சிறுவன் குவில் பூமியிலிருந்து கடத்தப்படும் ஆண்டு 1988. அதற்குள் சந்தையில் எத்தனையோ புதிய மாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் தாய் தொகுத்துத் தந்த பாடல் கேசட்டைக் கேட்க, ஒன்பது வயதான அந்தப் பழைய கருவிதான் பொருத்தமாக இருக்கிறது.

அந்தக் கருவியே வேறொன்றைப் பிரித்து மாற்றிச் செய்ததுதான். நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பிய சோனி நிறுவனர் மசாரு இபுகாவுக்கு, அப்போதிருந்த ஸ்டீரியோ டேப் ரெக்கார்டர் கனமாகப்பட்டது. கையடக்கமாக ஒன்று வேண்டும் என்று சோனி நிர்வாகி நோரியோ ஓகாவிடம் கேட்டார். கோசோ ஓசோனே தலைமையிலான டேப் ரெக்கார்டர் பிரிவினர், செய்தியாளர்கள் பயன்படுத்திய ‘பிரெஸ்மேன்’ ரெக்கார்டரை எடுத்து, பதிவு செய்யும் பகுதியையும் ஸ்பீக்கரையும் நீக்கி, ஸ்டீரியோவில் கேட்க மட்டும் உதவும்படி மாற்றினர். பதிவு வசதி இல்லாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே எழுந்தது. சோனியின் மற்றொரு நிறுவனரான அகியோ மொரிட்டா அசையவில்லை. ஒருவர் மட்டும் தனியே இசை கேட்பது அருகில் இருப்பவரை ஒதுக்குவது போலாகும் என்று அவர் எண்ணியதால், இரண்டு ஹெட்ஃபோன் துளைகளும், பாட்டின் ஒலியைத் தணித்து ஒருவரோடொருவர் பேச உதவும் ஆரஞ்சு நிறப் பொத்தானும் சேர்ந்தன. விலை 33,000 யென். முதலில் செய்த 30,000 கருவிகளில் ஜூலையில் ஏறத்தாழ 3,000 மட்டுமே விற்றன. ஆகஸ்ட் முடிவதற்குள் மீதமும் தீர்ந்துபோனது.

படம் வெற்றி பெற்றதும் ரசிகர்கள் இந்த மாடலைத் தேடி அலைந்தார்கள். பழைய பொருள் சந்தையில் அதன் விலை ஏறியது. பழைய பாடல்களை மட்டுமே கொண்ட படத்தின் இசைத் தொகுப்பும் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு அது கேசட்டாகவும் வெளிவந்தது.

ரசிகர்களில் இந்தத் திரைப்பொருளை மறுபடி உருவாக்குவோர் இரண்டு வழிகளில் போகிறார்கள். முப்பரிமாண அச்சில் கூட்டை மட்டும் வார்த்து நீலமும் வெள்ளியும் பூசுவது ஒன்று. இடுப்பில் மாட்டிக்கொண்டு வேடமிட இது தாராளமாகப் போதும். பழைய கருவியையே உயிர்ப்பிப்பது மற்றொன்று. சிரமம் முழுவதும் இதில்தான். இத்தனை ஆண்டுகளில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ பிசினாக உருகியோ போயிருக்கும். அந்தப் பிசினை ஆல்கஹாலால் துடைத்து, அதே சுற்றளவுள்ள புது பெல்ட்டை மாட்ட வேண்டும். பேட்டரி கசிந்த முனைகளில் படிந்த களிம்பைச் சுரண்ட வேண்டும். டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும்படி மோட்டாரின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். சற்றே கூடினாலும் குரல் கீச்சிடும், குறைந்தால் இழுபடும். ஹெட்ஃபோனின் ஆரஞ்சு ஸ்பாஞ்சு தொட்டாலே உதிரும் என்பதால் அதைப் புதிதாக வெட்டிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்கத்தில் வந்த கருவிகளில் இரு ஹெட்ஃபோன் துளைகளுக்கும் ‘கைஸ்’, ‘டால்ஸ்’ என்று பெயர் பொறித்திருந்தார்கள். பின்னால் அது ‘ஏ’, ‘பி’ என்று மாறியது. திரையில் தெரிவதைப் பின்பற்றுவதா, கையில் கிடைத்த கருவியின் காலத்துக்கு உண்மையாக இருப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் குவிலின் வாக்மேன் நொறுக்கப்படுகிறது. திரைக்கு வெளியே அப்படி நடக்கக் கூடாது. ஓடவைக்கக்கூடிய டிபிஎஸ்-எல்2 கிடைத்தால், குடலை உருவி வெறும் கூடாக்காமல், பெல்ட் மாற்றி ஓடவிடுங்கள்; வேடத்துக்கு அச்சில் வார்த்த கூடே போதும்.